உங்களுக்குத் தெரியுமா? பிசுக்கும் சமையல் சோடாவும்

அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டும் பிசுக்கு வெறும் எண்ணெய் அல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நாளடைவில் பிசினாக இறுகிய எண்ணெய். சாதாரண சோப்புக்கு அது எளிதில் மசியாது. காரத்தன்மை கூடுதலாக வேண்டும்.

சமையல் சோடாவைக் கொதிநீரில் போட்டால் கரியமில வாயு வெளியேறி, கொஞ்சம் கொஞ்சமாக வாஷிங் சோடாவாக மாறும். பிசுக்கைக் கரைக்கும் வலு அதற்கு அதிகம். அந்தக்காலத்தில் பாத்திரம் தேய்த்த விறகுச் சாம்பலும் இதே வேலையைத்தான் செய்தது. அதிலிருப்பது பொட்டாசியம் கார்பனேட்.

தயவுசெய்து சோடாவோடு வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ கலக்காதீர்கள். நுரை பொங்கும், ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்து, இரண்டின் வலுவும் வீணாகும். எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கை அலுமினியமா? அதற்கு இந்தச் சோடா நீர் ஆகாது, கறுத்துவிடும்.