வெட்டிய மரம் வெடிக்காமல் இருக்க... முதல் நாளே செய்ய வேண்டியவை!

தாத்தா வைத்த மரம் புயலில் சாய்ந்துவிட்டால், அதை விறகுக்குப் போட யாருக்கும் மனசு வராது. ‘நிலைக்கதவுக்கோ, கட்டிலுக்கோ ஆகட்டும்’ என்று அறுத்து, வாசலில் வெயில் படும் இடத்தில் போட்டுவைப்பார்கள். ‘நல்லா காயட்டும்’ என்பதுதான் எண்ணம். ஆனால், சில நாள்களிலேயே கட்டையின் முனைகளில் நட்சத்திரம்போல வெடிப்பு விழும். பிறகு, அந்த வெடிப்பு பலகைக்குள்ளும் நீளமாக ஓடும். கடைசியில், எது வேண்டாம் என்று நினைத்தார்களோ அதற்கே, விறகுக்கே போய்ச் சேரும்.

2011 டிசம்பர் 30-ம் தேதி அடித்த தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் ஏராளமாகச் சாய்ந்தன. 2018 நவம்பரில் வந்த கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் தென்னையோடு மா, பலா, தேக்கு மரங்களும் விழுந்தன. இப்படி விழுந்த மரத்தைப் பலகையாகக் காப்பாற்ற வேண்டுமானால், முதல் சில நாள்கள் மிக முக்கியம்.

ஏன் வெடிக்கிறது?

மரம் காய்வதால் மட்டும் வெடிப்பதில்லை. ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் காய்வதால்தான் வெடிக்கிறது.

மரத்தின் நார்கள் மெல்லிய குழாய்களைப்போல நீளவாக்கில் அமைந்தவை. பச்சை மரத்தில் குழாய்க்குள்ளும் நீர் இருக்கும், குழாயின் சுவரிலும் நீர் இருக்கும். முதலில் வெளியேறுவது குழாய்க்குள் இருக்கும் நீர். அதுவரை மரம் பெரிதாகச் சுருங்காது. ஈரப்பதம் சுமார் 30 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கும்போது சுவரில் உள்ள நீரும் வெளியேறும். சுருக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வெட்டிய முனையில் அத்தனை குழாய்களின் வாயும் திறந்திருக்கும். அதனால், பலகையின் பக்கங்களைவிட முனையில் நீர் பல மடங்கு வேகமாக வெளியேறும். முனை சுருங்கப் பார்க்கும். ஈரமாக இருக்கும் உள்பகுதி அதற்கு விட்டுக்கொடுக்காது. அந்த இழுபறியில் முனை கிழிகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நீளத்தில் சுருக்கம் மிகக் குறைவு. ஆனால், மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, வளையத்தின் சுற்றுவாக்கில் சுருங்கும். எனவே, முழு உருண்டைக் கட்டையை அப்படியே காயப்போட்டால் எங்காவது பிளந்தே தீரும். ‘மரத்தை வட்டமாக நறுக்கி டீப்பாய் செய்யலாம்’ என்று ஆசைப்படுபவர்கள் ஏமாறுவதும் இதனால்தான்.

பண்ருட்டிப் பலாவில் செய்யும் மிருதங்கத்தில் கட்டையின் நடுவைக் குடைந்து எடுத்துவிடுகிறார்கள். சுருக்கத்துக்கு இடம்கொடுக்காமல் முரண்டு பிடிக்கும் நடுப்பகுதி போய்விடுவதால், அந்த மரத்தில் இறுக்கம் குறைகிறது.

என்ன செய்ய வேண்டும்?

முனையை மூடுங்கள்: வெட்டிய அன்றே இரண்டு முனைகளிலும் பழைய பெயின்டையோ, உருக்கிய மெழுகையோ, தாரையோ கெட்டியாகப் பூசிவிடுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால், களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசலாம். வெடிப்பு விழுந்த பிறகு பூசினால் அந்த வெடிப்பு மூடாது. இன்னும் பெரிதாகாமல் ஓரளவு தடுக்கலாம், அவ்வளவுதான்.

நீளத்தைக் கூட்டி வெட்டுங்கள்: எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஓரத்தில் கொஞ்சம் வெடிக்கலாம். தேவையான நீளத்தைவிட ஒவ்வொரு முனையிலும் நான்கு முதல் ஆறு அங்குலம் கூடுதலாக விட்டால், கடைசியில் அதை நறுக்கித் தள்ளிவிடலாம்.

சீக்கிரம் அறுத்துவிடுங்கள்: கட்டையாகவே மாதக்கணக்கில் போட்டுவைக்காமல், மில்லில் கொடுத்துப் பலகையாக்கிவிடுவது நல்லது. மையப்புள்ளி எந்தப் பலகையிலும் முழுதாகச் சிக்காதபடி அறுக்கச் சொல்லுங்கள். மா போன்ற மரங்களைப் பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும் என்பதால், அவற்றில் தாமதமே கூடாது. உடனே அறுக்க வழியில்லாவிட்டால், அந்தக் காலத்தைப்போலக் கட்டையைக் குளத்து நீரில் முழுதாக மூழ்கடித்து வைக்கலாம். நீருக்குள் இருக்கும்வரை மரம் காயாது. அதனால் வெடிக்கவும் வெடிக்காது.

அடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்: தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், நிழலில், காற்றோட்டமான கொட்டகையில் பலகைகளை அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஓர் அங்குலக் கனமுள்ள காய்ந்த ரீப்பர் துண்டுகளை இரண்டு அடிக்கு ஒன்றாக வையுங்கள். முனைகளை ஒட்டியும் ஒவ்வொன்று வேண்டும். மேல் வரிசை ரீப்பரும் கீழ் வரிசை ரீப்பரும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை வளைந்துவிடும். அடுக்கின் மேல் கல்லோ வேறு பாரமோ ஏற்றிவிடுங்கள். நேரடி வெயிலும் கூடாது, அனல்காற்றும் கூடாது.

காய்ந்துவிட்டதா?

மரத்தின் ரகத்தையும் பருவத்தையும் பொறுத்து, ஓர் அங்குலப் பலகை காயச் சில மாதங்கள் ஆகும். கனம் இரட்டிப்பானால் காலம் இரட்டிப்பைவிட அதிகமாகும். அதனால், நிலைக்கான கனத்த சட்டங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் பிடிக்கலாம்.

அடுக்கிலிருந்து ஒரு சிறு பலகையை எடுத்து வாரம் ஒருமுறை எடைபோட்டுக் குறித்துவையுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால், அந்த இடத்தின் காற்றுக்கு ஏற்ற அளவு காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆசாரியிடமோ மில்லிலோ ஈரப்பதமானி இருந்தால் இன்னும் வசதி. கதவு, ஜன்னல், மேஜை செய்ய ஈரப்பதம் 12 சதவிகிதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. அவசரம் என்றால் சூளையில் காயவைத்துத் தரும் மில்கள் இருக்கின்றன. ஆனால், அங்கும் சூட்டைப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால், வெளியே நன்றாகத் தெரியும் பலகை உள்ளுக்குள் வெடித்திருக்கும்.

கிரகப்பிரவேசத் தேதி குறித்துவிட்டு மரத்தை அவசரப்படுத்தினால், பிறகு கதவு இறுக்கிப் பிடிக்கும், நிலையில் இடைவெளி விழும். மரம் காய ஆகும் காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு தேதி குறிப்பதே புத்திசாலித்தனம்!