கையொப்பமும் ஒரு சாட்சியமே!
அரசு உதவித் தொகை யாருக்கு உரியது? ஒரு விளக்கம்



2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 ஆம் நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் திருவேங்கடத்தில் ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, கையில் ஒரே மாதிரியான விண்ணப்பப் படிவத்தை வைத்துக்கொண்டு இருவர் எனக்காகக் காத்திருந்தனர். அது தமிழக அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான படிவம்.

முதலாமவர் கடைத்தெருவில் வியாபாரம் செய்பவர். மனைவியின் பெயரில் படிவத்தை முழுமையாக நிரப்பியிருந்தார். மகன் பெயரில் கார் இருப்பதை மட்டும் எழுதவில்லை. "அரசாங்கத்துப் பணம்தானே ஹஜ்ரத்! எல்லாரும் வாங்குகிறார்கள், நாம் மட்டும் ஏன் விட வேண்டும்?" என்று கேட்டார்.

இரண்டாமவர், பிள்ளைக்கு ஓதிப் பார்ப்பதற்காகப் பள்ளிவாசல் வாசலில் நின்றிருந்த ஒரு சகோதரி. தீப்பெட்டி ஆலையில் வேலை பார்ப்பவர்; கணவர் சுமை தூக்கும் தொழிலாளி. அவருடைய படிவம் வெறுமையாக இருந்தது. "மாமியார் முதியோர் பணம் வாங்குகிறார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பணம்தான் என்று சொல்லிவிட்டார்கள். இதைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா ஹஜ்ரத்?" என்றார்.

தகுதி இல்லாதவர் துணிந்து நிரப்பியிருந்தார்; தகுதி உள்ளவர் தயங்கி நின்றார். நம் மஹல்லாக்களில் அடிக்கடி காணும் காட்சி இது. இரண்டுக்கும் மூல காரணம் அறியாமையே. எனவே, உதவித் தொகைகளை அரசு எந்த அளவுகோலைக் கொண்டு வழங்குகிறது என்பதையும், அதில் நம் பொறுப்பு யாது என்பதையும் இங்கு விளக்க விரும்புகிறேன்.

மூன்று அளவுகோல்கள்

"அவருக்குக் கிடைத்தது, எனக்கு ஏன் கிடைக்கவில்லை?" என்ற கேள்வியே பெரும்பாலான மனக்கசப்புகளுக்குத் தொடக்கம். ஒவ்வோர் உதவிக்கும் அளவுகோல் வேறு என்பதை அறிந்தால் இக்கசப்பு பெருமளவு நீங்கிவிடும்.

முதல் அளவுகோல் குடும்ப அட்டை. கொரோனாப் பெருந்தொற்றின்போது 2021 ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் இரு தவணைகளாக மொத்தம் 4,000 ரூபாய் வழங்கப்பட்டது. அரிசி பெறும் அட்டை வைத்திருந்த சுமார் 2 கோடியே 7 லட்சம் குடும்பங்கள் அதைப் பெற்றன. வருமானச் சான்று கேட்கப்படவில்லை. அட்டையின் வகை மட்டுமே பார்க்கப்பட்டது. சர்க்கரை அட்டையாகவோ, எப்பொருளும் வேண்டாத அட்டையாகவோ வைத்திருந்தவர்கள் வறியவராக இருந்தாலும் அந்த வரிசையில் இடம்பெறவில்லை. எனவே உங்கள் வீட்டு அட்டை எந்த வகை என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது அளவுகோல் இடம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையை நாம் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களின் குடும்பங்களுக்கு 6,000 ரூபாயும், அம்மாவட்டங்களின் ஏனைய வட்டங்களுக்கும் நமது தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கும் 1,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. "அங்கே ஆறாயிரம், நமக்கு ஆயிரமா?" என்று அப்போது சிலர் குறைபட்டனர். வீட்டுக்குள் கழுத்தளவு நீர் புகுந்து, உடுத்திய துணியோடு மாடியில் நின்றவருக்கும், வீடு நனையாமல் தப்பியவருக்கும் ஒரே தொகை கொடுப்பது எப்படி நீதியாகும்?

மூன்றாவது அளவுகோல் வருமானமும் உடைமையும். மகளிர் உரிமைத் தொகை இந்த வகையைச் சேர்ந்தது. ஐயங்கள் மிகுதியாக எழுவதும் இதில்தான்.

மகளிர் உரிமைத் தொகையின் விதிகள்

மாதம் 1,000 ரூபாய் வழங்கும் இத்திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் பேர். தொடக்கத்தில் தேர்வானவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 6 லட்சம் பேர். அப்போது வகுக்கப்பட்ட விதிகள் வருமாறு:

விண்ணப்பிக்கும் பெண் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவரே பயனாளி. அட்டையில் ஆண் குடும்பத் தலைவராக இருந்தால் அவருடைய மனைவி தலைவியாகக் கருதப்படுவார். கணவரை இழந்த பெண்களும், திருமணமாகாத தனித்த பெண்களும் குடும்பத் தலைவியாக இருந்தால் அவர்களும் விண்ணப்பிக்கலாம்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குக் கீழ் இருக்க வேண்டும். நன்செய் நிலம் 5 ஏக்கருக்கும், புன்செய் நிலம் 10 ஏக்கருக்கும் மிகாமல் இருக்க வேண்டும். வீட்டு மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். நம் பகுதி கரிசல் பூமி. மானாவாரிப் புன்செய்தான் மிகுதி. "எனக்கு நாலு ஏக்கர் இருக்கிறதே, நான் எப்படி ஏழையாவேன்?" என்று ஒதுங்கிக்கொண்ட விவசாயக் குடும்பங்களை நான் அறிவேன். மழை பொய்த்தால் அந்த நாலு ஏக்கர் ஒரு வேளைச் சோறுகூடத் தராது. விதியும் அவர்களைத் தடுக்கவில்லை.

தடுக்கப்பட்டவர்கள் யார்? குடும்பத்தில் வருமான வரி அல்லது தொழில் வரி செலுத்துவோர், அரசு ஊழியர், அரசு ஓய்வூதியர், கார் போன்ற நான்கு சக்கர வாகனம் வைத்திருப்போர், ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்பனை செய்து ஜி.எஸ்.டி. செலுத்துவோர் ஆகியோர் இருந்தால் அக்குடும்பத்திற்கு இத்தொகை இல்லை. கார் மகன் பெயரில் இருந்தாலும், அவர் அதே அட்டையில் உள்ளவராயின், அது குடும்பத்தின் காரே. அரசு மானியம் பெற்று நான்கு சக்கர வாகனம் வாங்கிய குடும்பங்களுக்கு மட்டும் 2025 இல் தளர்வு அளிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 15 முதல் நடந்த முகாம்களில் விடுபட்டோரிடம் மீண்டும் விண்ணப்பங்களும் பெறப்பட்டன.

இப்போது அந்தச் சகோதரியின் ஐயத்திற்கு வருவோம். முதியோர் உதவித் தொகை பெறும் ஒருவர் வீட்டில் இருந்தால் அக்குடும்பமே விலக்கப்படும் என்றுதான் முதலில் இருந்தது. 2023 ஆகஸ்டில் இது திருத்தப்பட்டது. உதவித் தொகை பெறுபவர் தாம் விண்ணப்பிக்க இயலாது. ஆனால் அதே வீட்டில் தகுதியுள்ள வேறொரு பெண் விண்ணப்பிக்கலாம். ஆகஸ்ட் 18 முதல் 20 வரை நடந்த சிறப்பு முகாம்களில் இத்தகையோரிடமும் விண்ணப்பங்கள் பெறப்பட்டன. அந்தச் சகோதரியோ, தமக்குக் கதவு திறந்த நாளன்றே படிவத்தைத் திருப்பிக் கொடுக்க இருந்தார்! "அம்மா, இது மாமியாருடைய பணத்தைப் பங்கு போடுவதன்று. உங்களுக்கென்று தனியே உள்ளது. அஸருக்கு முன் போய்க் கொடுத்துவிடுங்கள்" என்றேன். பள்ளிவாசல் திண்ணையில் வைத்தே படிவத்தை நிரப்பினோம்.

மறுக்கப்பட்டால்?

"உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை" என்று கைப்பேசியில் செய்தி வந்ததும் பலர் அதோடு விட்டுவிட்டனர். செய்தி கிடைத்த 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று அப்போதே அறிவிக்கப்பட்டிருந்தது. திருவேங்கடம் வட்டத்தாருக்குச் சங்கரன்கோவில் கோட்டாட்சியர். கணினிப் பதிவில் வேறொருவரின் வாகனமோ, நிலமோ நம் பெயரில் தவறாகச் சேர்ந்திருக்கலாம். மறுப்புச் செய்தி வந்தால் காரணத்தைக் கேட்டறியுங்கள். வாதிடுவது கௌரவக் குறைவன்று.

இன்னொரு செய்தியும் நம் குடும்பங்கள் அறிய வேண்டியது. ஆதரவற்ற விதவைகளுக்கும், கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கும், 50 வயது கடந்த மணமாகாத ஏழைப் பெண்களுக்கும் தனித்தனி ஓய்வூதியத் திட்டங்கள் உள்ளன. கைவிடப்பட்டவர் 30 வயது நிறைந்தவராகவும், சட்டப்படி மணவிலக்குப் பெற்றவராகவோ, குறைந்தது 5 ஆண்டுகள் கைவிடப்பட்டவராகவோ இருக்க வேண்டும் என்பது விதி. 1,000 ரூபாயாக இருந்த முதியோர், விதவையர் உதவித் தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ஆக உயர்த்தப்பட்டது. இவற்றுக்கு அணுக வேண்டியவர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். தலாக் பெற்றுத் தாய் வீட்டில் முடங்கிக் கிடக்கும் சகோதரிகள் இதை அறிந்திருக்கிறார்களா?

மார்க்கம் வகுத்த மூன்று சாட்சிகள்

தகுதியை விசாரித்துக் கொடுக்கும் முறை நமக்குப் புதியதன்று. ஸகாத் யாருக்கு உரியது என்பதை எட்டு வகையினராகத் திருக்குர்ஆன் வரையறுத்துவிட்டது. கேட்பது யாருக்கு ஆகுமானது என்பதை கபீஸா (ரலி) அவர்களுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விளக்கியதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு நபிமொழி உண்டு. சமாதானம் செய்து வைப்பதற்காகப் பிறரது கடன் சுமையை ஏற்றவர், பேரிடரில் பொருளை இழந்தவர், வறுமையுற்றவர் ஆகிய மூவருக்கு மட்டுமே அதற்கு அனுமதி உண்டு என்பது அதன் கருத்து. அந்த வறியவருக்கும் ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. அவருடைய சமூகத்திலுள்ள அறிவார்ந்த மூவர், அவர் வறுமையுற்றது உண்மை என்று கூற வேண்டும்.

சிந்தித்துப் பாருங்கள்! வெள்ளத்தில் இழந்தவருக்கும் வறுமையில் வாடுபவருக்கும் அந்த நபிமொழியில் தனித்தனி இடம் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் சாட்சி சொல்லும் பொறுப்பும் இருக்கிறது. 2023 இல் மகளிர் உரிமைத் தொகைக்கு வருமானச் சான்றையோ, நில ஆவணத்தையோ இணைக்க வேண்டியதில்லை என்று அரசு கூறிவிட்டது. விண்ணப்பதாரரின் உறுதிமொழியே போதும் என்றது. அப்படியானால் படிவத்தின் அடியில் இடும் கையொப்பம் வெறும் மைக்கோடன்று. அது ஒரு ஷஹாதத், ஒரு சாட்சியம். பொய்ச் சாட்சியம் எத்தகைய பெரும்பாவம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைக்காரச் சகோதரரிடம் நான் இதைத்தான் சொன்னேன்: "அரசாங்கத்துப் பணம் என்று எதுவும் இல்லை. தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி கட்டித்தான் வாங்குகிறான். அந்தப் பணத்தைக் காரில் போய் வாங்குவது முறையாகுமா?" அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கொடுத்தாரா, இல்லையா என்று நான் கேட்கவில்லை. அது அவருக்கும் அவருடைய ரப்புக்கும் இடையிலுள்ள விஷயம்.

மறுபுறம், பேணுதல் காரணமாகக் கேட்காமலே இருக்கும் ஏழைகளையும் திருமறை நமக்கு அடையாளம் காட்டுகிறது. அறியாதவர் பார்வைக்கு அவர்கள் செல்வந்தராகத் தோன்றுவர். அவர்களைத் தேடிச் செல்ல வேண்டியது நாமே. தளர்ந்த வயதில் கையேந்தி நின்ற யூத முதியவர் ஒருவரைக் கண்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அவருக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவ ஆணையிட்டதாக வரலாறு கூறுகிறது. எனவே, அண்டை வீட்டார் எச்சமயத்தவராயினும் அவருக்கும் படிவம் நிரப்பிக் கொடுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு ஜமாஅத்திலும் படித்த இளைஞர்கள் இருவர், மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் அமர்ந்தால் போதும். குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கட்டும். விதிகளும் தொகைகளும் அவ்வப்போது மாறுவன. ஆகவே விண்ணப்பிக்கும் முன் கிராம நிர்வாக அலுவலரிடமோ, இ-சேவை மையத்திலோ அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியில் வரும் இரகசிய எண்ணை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். "வாங்கித் தருகிறேன்" என்று இடைத்தரகு கேட்பவரை நம்பாதீர்கள்.

கணவன்மார்களுக்கும் ஒரு சொல்: மனைவியின் கணக்கில் வரும் தொகை அவருடைய உடைமை. அதை வாங்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இல்லை. செல்வந்தர்களுக்கும் ஒரு சொல்: அரசு ஆயிரம் ரூபாய் கொடுப்பதால் ஓர் ஏழை, ஸகாத் பெறும் தகுதியை இழந்துவிடுவதில்லை. நிஸாபுக்குரிய பொருள் கைக்கு வராதவரை அவர் உங்கள் ஸகாத்திற்கு உரியவரே.

உரியவர் கேட்கத் தயங்கக் கூடாது. உரியதல்லாததை நாம் தொடக் கூடாது. நம் வயிற்றில் ஹலாலையும் நம் கையொப்பத்தில் உண்மையையும் வல்ல ரஹ்மான் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.