கிரிவலப் பாதையில் எத்தனை வாட்?

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். சைக்கிளில் சுற்றி வந்தவரின் செல்பேசிச் செயலி "சராசரி 150 வாட்" என்று காட்டுகிறது. கால்களின் உழைப்பு அதற்கு எப்படித் தெரியும்?

தெரியாது. எடை, வேகம், சாலையின் ஏற்றம் ஆகியவற்றை வைத்துக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். சைக்கிளில் பொருத்தும் பவர் மீட்டரோ உண்மையிலேயே அளக்கிறது. மிதிக்கும்போது மிதிகட்டையைத் தாங்கும் கிராங்க் மிக நுண்ணிய அளவில் வளையும். அதில் ஒட்டிய உணரியின் மின்தடை மாறும். அதிலிருந்து கிடைக்கும் முறுக்குவிசையைச் சுழலும் வேகத்தோடு பெருக்கினால் வாட். ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிச் ஷோபரர் 1986-இல் இத்தகைய கருவியை உருவாக்கினார்.

செயலியின் கணக்கைக் கவிழ்ப்பது காற்று. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு 10 கி.மீ. எதிர்காற்று அடித்தால், காற்றைக் கிழிக்க மட்டும் 78 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். வட்டப் பாதைதானே, பின்காற்று ஈடுகட்டாதா? முழுதாக ஈடுகட்டாது. அதே காற்று முதுகில் அடித்தால் மிச்சமாவது 56 சதவீதமே. காற்றுத்தடை வேகத்தின் இருமடியாக ஏறுவதுதான் காரணம். முன்னே செல்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டி ஓட்டினால் கிடைக்கும் மிச்சமும் செயலிக்குத் தெரியாது.

அதே செயலியை ஜவ்வாது மலை ஏற்றத்தில் ஓரளவு நம்பலாம். அங்கே வேகம் குறைவு. உழைப்பில் பெரும்பங்கு புவியீர்ப்பை எதிர்க்கவே போகிறது. ஆனால் சைக்கிள், தண்ணீர் பாட்டில் எடையையும் சரியாகப் பதிந்திருக்க வேண்டும்.