கண்டெடுத்த குரலா?

காட்டுப்பாக்கத்தில் ஆடிக் கிருத்திகைக்கு ஒலிபெருக்கி கட்டினால் கே.பி. சுந்தராம்பாள் வந்துவிடுவார். கொடுமுடியில் பிறந்து, வறுமையில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமியை ரயில்வே அதிகாரி ஒருவர் 'கண்டெடுத்து' நாடகத்துக்கு அனுப்பினார் என்றே கதை சொல்கிறோம். எனக்கு இந்தக் கண்டெடுத்தல் மேல சந்தேகம் உண்டு. ரயில் இரைச்சலை மீறிப் பாடி, போகிறவன் மடியிலிருந்து காசை வரவழைப்பது என்ன லேசுப்பட்ட வித்தையா? மைக் இல்லாத அன்றைய நாடகக் கொட்டகை கேட்டதும் கடைசி வரிசையை எட்டும் இதே குரலைத்தான். அதிகாரி தந்தது வாய்ப்பு. பயிற்சி ஏற்கெனவே பெட்டிகளில் நடந்துவிட்டது. உழைப்பை அதிர்ஷ்டமாக்கிவிடுகிறது அந்தச் சொல். 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடத்துக்கு அவர் லட்ச ரூபாய் வாங்கியதை வியக்கிறவர்கள், ரயிலில் விழுந்த சில்லறையை மட்டும் ஏன் சம்பளம்னு சொல்ல மாட்டேங்கிறார்கள்?