ஆஸ்திரேலியாவில் மாநில அரசே ஸ்பான்சர் பண்ணுதா? ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன்பு இதை படிங்க!

சென்னை:

"ஆஸ்திரேலியாவில் மாநில அரசே ஸ்பான்சர் பண்ணுது... வெல்டர், பிட்டர், நர்சு யார் வேணும்னாலும் போகலாம்... பணத்தை கட்டினா 3 மாசத்துல விசா!"

இப்படி செல்போனில் வரும் விளம்பரத்தை நம்பி, பொண்டாட்டி தாலிக்கொடியை அடகு வைக்க கிளம்புகிறவர்கள் உண்டு. அப்படி கிளம்பும் முன்பு ஒரு 10 நிமிஷம் இதை படிச்சிடுங்க.

மாநில அரசு ஸ்பான்சர் என்பது பொய் இல்லை. ஆனால் அதை எந்த ஏஜெண்டாலும் விலைக்கு வாங்கித் தர முடியாது. தகுதி இருந்தால் தான் கிடைக்கும். அந்த தகுதி என்ன? அதற்கு எப்படி மார்க் போடுகிறார்கள்? விவரம் வருமாறு:-

491 விசா என்றால் என்ன?

இந்த விசாவின் எண் 491. கடந்த 2019-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன்பு இருந்த 489 விசாவுக்கு பதிலாக கொண்டு வரப்பட்டது.

சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய 3 பெரிய நகரங்களிலேயே எல்லோரும் குவிந்து விடுகிறார்கள். மற்ற ஊர்களில் வேலைக்கு ஆள் இல்லை. அதனால் இந்த 3 நகரங்களை விட்டு வெளியே குடியேற தயாராக இருப்பவர்களுக்காக இந்த விசா.

வெளியே என்றதும் பட்டிக்காடு என்று நினைக்க வேண்டாம். பெர்த், அடிலெய்டு, டார்வின், ஹோபார்ட், தலைநகர் கான்பெர்ரா எல்லாமே இந்த கணக்கில் தான் வருகிறது.

விசா 5 வருஷம் செல்லும். குடும்பத்தையும் அழைத்துப் போகலாம். 3 வருஷம் அந்த பகுதியிலேயே இருந்து, வேலை பார்த்து, வருமான வரி கணக்கு காட்டினால் அடுத்ததாக 191 என்ற நிரந்தர விசாவுக்கு மனு போடலாம்.

ஸ்பான்சர் என்றால் வேலை அல்ல!

இங்கே தான் நம்ம ஆளுங்க ஏமாறுகிறார்கள். 'அரசு ஸ்பான்சர்' என்றதும் வேலை, வீடு, விமான டிக்கெட் எல்லாம் அரசு கொடுக்கும் என்று நினைத்து விடுகிறார்கள். அப்படி எதுவும் கிடையாது.

"இந்த தொழில் தெரிந்தவர் எங்கள் மாநிலத்துக்கு தேவை" என்று அந்த மாநில அரசு பரிந்துரை செய்கிறது. அவ்வளவு தான். போன பிறகு வேலையை நாம் தான் தேடிக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்த பரிந்துரைக்கு 15 பாயிண்ட் கிடைக்கும். அந்த 15 பாயிண்ட் தான் பலருக்கு வாழ்வா சாவா என்பதை முடிவு செய்கிறது.

பாயிண்ட் கணக்கு

பாஸ் மார்க் 65. இதற்கு குறைந்தால் மனுவே போட முடியாது. அழைப்பு வரும்போது வயது 45-க்கு கீழே இருக்க வேண்டும்.

* வயது: 18 முதல் 24 வரை 25 பாயிண்ட். 25 முதல் 32 வரை 30. 33 முதல் 39 வரை 25. 40 முதல் 44 வரை 15.

* ஆங்கிலம்: ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் நான்கு பிரிவிலும் 6 எடுத்தால் தகுதி மட்டும் தான், பாயிண்ட் இல்லை. 7 எடுத்தால் 10. 8 எடுத்தால் 20.

* வெளிநாட்டு அனுபவம் (நம்ம ஊரும் இதில் அடக்கம்): 3 வருஷத்துக்கு 5. 5 வருஷத்துக்கு 10. 8 வருஷத்துக்கு 15. கடைசி 10 வருஷம் தான் கணக்கு.

* படிப்பு: டிகிரிக்கு 15. டிப்ளமோ, அங்கீகரிக்கப்பட்ட தொழில் படிப்புக்கு 10.

* கல்யாணம் ஆகாதவருக்கு 10. மனைவிக்கு ஆங்கிலத்தில் நான்கு பிரிவிலும் 6 இருந்தால் 5.

ஒரு வெல்டரின் கதை

திருச்சியை சேர்ந்த ஒரு வெல்டர் என்று வைத்துக் கொள்வோம். வயது 31. ஐ.டி.ஐ. படித்தவர். கல்யாணம் ஆனவர், மனைவிக்கு ஆங்கிலம் வராது. உள்ளூர் பட்டறை, பிறகு வளைகுடா நாடு என்று 12 வருஷம் வேலை பார்த்திருக்கிறார். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் 6 எடுத்து விட்டார்.

வயதுக்கு 30. படிப்புக்கு 10. அனுபவத்தில் 8 வருஷத்தை ஏற்றுக்கொண்டால் 15. மொத்தம் 55. பாஸ் இல்லை. மாநில அரசு பரிந்துரை கிடைத்தால் 15 சேர்ந்து 70. பாஸ்!

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். அதே ஆள், அதே கை வேலை. ஆனால் உள்ளூரில் சம்பளத்தை கையில் ரொக்கமாக வாங்கியவர். சம்பள சிலிப் இல்லை, பி.எப். இல்லை, பேங்கில் வரவும் இல்லை. வளைகுடாவில் பார்த்த 4 வருஷத்துக்கு மட்டும் பேப்பர் இருக்கிறது. அனுபவத்துக்கு 5 பாயிண்ட் தான் கிடைக்கும். மொத்தம் 45. பரிந்துரை கிடைத்தாலும் 60 தான். போச்சு!

12 வருஷம் நெருப்பு பக்கத்துல நின்னவருக்கு, பேப்பர் இல்லாததால் வாசலிலேயே கதவு சாத்தப்படுகிறது.

இதற்கு ஒரு வழி ஆங்கிலம். 6-ஐ 7 ஆக்கினால் 10 பாயிண்ட் கூடி, 70 ஆகி விடும். ஏஜெண்டுக்கு கட்டும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல கோச்சிங்குக்கு செலவு செய்தாலே போதும்.

தொழில் தேர்வு முக்கியம்

படித்த சான்றிதழை காட்டினால் மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவில் உள்ள அமைப்பு நம் திறமையை சோதித்து சான்று தர வேண்டும். வெல்டர், பிட்டர், எலக்ட்ரீசியன் போன்ற தொழில்களுக்கு டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா. நர்சுகளுக்கு ஆன்மாக். என்ஜினீயர்களுக்கு என்ஜினீயர்ஸ் ஆஸ்திரேலியா.

இன்னொரு சிக்கல். வேலைக்கு சேர்ந்த நாளில் இருந்து அனுபவத்தை எண்ண மாட்டார்கள். முழு தகுதி பெற்ற தொழிலாளி ஆன நாளில் இருந்து தான் எண்ணுவார்கள். இதில் சில வருஷம் அடிபட்டுப் போகும். எனவே 'எனக்கு 10 வருஷம் சர்வீஸ்' என்று கணக்கு போட்டு விடாதீர்கள்.

மனு போடுவது எப்படி?

தொழில் சான்றும் ஆங்கில மார்க்கும் கையில் வந்த பிறகு, 'ஸ்கில் செலக்ட்' என்ற ஆஸ்திரேலிய அரசு இணையதளத்தில் விருப்பத்தை பதிவு செய்ய வேண்டும். இதற்கு கட்டணம் கிடையாது. 2 வருஷம் செல்லும்.

அதன் பிறகு மாநில அரசிடம் பரிந்துரை கேட்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி தொழில் பட்டியல், தனி விதிமுறை. ஒரு மாநிலம் கேட்கும் தொழிலை இன்னொரு மாநிலம் கேட்காது. ஏற்கனவே அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் என்று சில பிரிவுகள் உண்டு. ஜூலை முதல் ஜூன் வரை ஒரு வருஷ கணக்கு. ஒதுக்கிய இடம் முடிந்தால் கதவு மூடப்படும்.

பரிந்துரை கிடைத்தால் அழைப்பு வரும். அன்றில் இருந்து 60 நாளுக்குள் விசா மனு போட வேண்டும். 2025-ம் ஆண்டு ஜூலை நிலவரப்படி விசா கட்டணம் 4,910 ஆஸ்திரேலிய டாலர். நம்ம பணத்தில் இரண்டரை லட்சம் ரூபாயை தாண்டும். மனைவி, பிள்ளைகளுக்கு தனி கட்டணம்.

மருத்துவ பரிசோதனை உண்டு. கடந்த 10 வருஷத்தில் 12 மாதம் அல்லது அதற்கு மேல் தங்கிய நாடுகளில் இருந்து போலீஸ் சான்றும் கேட்பார்கள். வளைகுடாவில் இருந்து ஊர் திரும்புகிறவர்கள், வரும்போதே அதை வாங்கி வருவதை பற்றி விசாரித்துக் கொள்வது நல்லது.

போலி சர்டிபிகேட் கொடுத்தால்...

'சர்வீஸ் சர்டிபிகேட் இல்லையா? நாங்களே ரெடி பண்ணி தர்றோம்' என்று சொல்லும் ஏஜெண்டை கண்டால் ஓடி விடுங்கள். போலி ஆவணம் என்று தெரிந்து விசா மறுக்கப்பட்டால், 3 வருஷத்துக்கு விசா தடை வரும். பெயர், அடையாளத்திலேயே மோசடி என்றால் 10 வருஷம். மாட்டுவது ஏஜெண்டு அல்ல, கையெழுத்து போட்ட நீங்கள் தான்!

ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற குடியேற்ற ஏஜெண்டுகளுக்கு 7 இலக்க பதிவு எண் உண்டு. அதை கேளுங்கள். அந்நாட்டு அரசின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எண் உண்மை என்றாலும், ஸ்பான்சரை 'கேரண்டி' தருகிறேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். அப்படி கேரண்டி தர யாருக்கும் அதிகாரம் கிடையாது.

பணம் ஏற்கனவே கட்டி ஏமாந்திருந்தால், ரசீது, பேங்க் விவரம், செல்போன் மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போலீசில் புகார் கொடுங்கள்.

ஆஸ்திரேலியா ஆசை இருக்கிறதோ இல்லையோ, இன்று வேலைக்கு போகும் இளைஞர்கள் சம்பளத்தை பேங்க் வழியாக வாங்கி, சிலிப்பை பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. நாளைக்கு அந்த ஒரு பேப்பருக்கு தான் பாயிண்ட் கிடைக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.