துருவும் நம்பரும் சொல்லும் விலை

2016 நவம்பர் 30 அன்று பாரிஸில் ஒரு பழைய ரிவால்வர் ஏலத்துக்கு வந்தது. லெஃபோஷே வகை, 7 மில்லிமீட்டர், ஆறு தோட்டா போடலாம். 1873 ஜூலையில் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிரெஞ்சுக் கவிஞர் போல் வெர்லேன், தன் நண்பரான இளங்கவிஞர் ஆர்தர் ரேம்போவைச் சுட்டது இதை வைத்துத்தான். குண்டு மணிக்கட்டில் பாய்ந்தது. ரேம்போ பிழைத்துக்கொண்டார், வெர்லேன் சிறைக்குப் போனார். ரிவால்வர் 4,34,500 யூரோவுக்கு விலைபோனது.

2019 ஜூன் 19 அன்று அதே பாரிஸில் அதே லெஃபோஷே வகை, அதே 7 மில்லிமீட்டர் ரிவால்வர் இன்னொன்று ஏலம் போனது. இது துருவேறிச் சிதைந்த இரும்பு. சுட உதவாது. ஓவியர் வான் கோ 1890இல் தன்னைச் சுட்டுக்கொண்ட ஊரின் வயல்வெளியில், 1960களில் ஒரு விவசாயியின் கையில் கிடைத்தது. ஓவியரின் உயிரைக் குடித்தது இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல ஆதாரம் இல்லை. கிடைத்த இடமும் துருவின் அளவும் பொருந்திவருகின்றன, அவ்வளவுதான். இதற்கு 1,62,500 யூரோ கிடைத்தது.

இரண்டையும் எடைக்குப் போட்டால் பழைய இரும்புக் கடையில் நூறு ரூபாய்கூடத் தேறாது. முதல் ரிவால்வருக்கு நீதிமன்ற வழக்கும் துப்பாக்கிக் கடையின் பதிவேடும் சாட்சி. இரண்டாவதற்குத் துருவே சாட்சி. பழைய துப்பாக்கி வாங்குகிறவர் காசு கொடுப்பது இந்தச் சாட்சியத்துக்குத்தான். அதைப் படிக்கத் தெரிந்தவருக்கே நியாயமான விலை புலப்படும்.

இதை நம் பக்கத்துக்குக் கொண்டுவருவோம். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்திலும், அதன்பின் திருப்பதி மாவட்டத்திலும் இருக்கும் வரதய்யபாளையத்தில், தாத்தா லைசென்ஸோடு வைத்திருந்த ஒரு வெப்ளி ரிவால்வரைப் பேரன் விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செய்தது. 1887இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட நாள் முதல் இந்தியாவெங்கும் அதிகாரிகளின் இடுப்பில் தொங்கிய பெயர் வெப்ளி. இதற்கு என்ன விலை சொல்லலாம்?

மேல்தோல்

அக்கம்பக்கத்தில் கேட்டால் முதலில் வரும் யோசனை, “நல்லா பாலிஷ் போட்டுடுங்க, விலை ஏறும்” என்பதாக இருக்கும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் மதிப்புக் கூடும். துப்பாக்கியில் நடப்பது நேர் எதிர்.

பழைய ரிவால்வரின் கருநீல நிறம் பெயின்ட் அல்ல. எஃகின் மேற்பரப்பையே ஒருவகை இரும்பு ஆக்சைடாக மாற்றியிருக்கிறார்கள். காந்தக்கல்லில் இருக்கும் அதே மாக்னடைட்தான் அது. அந்தக் காலத்து முறைகளில் ஒன்று வியப்பானது. எஃகை வேண்டுமென்றே துருப்பிடிக்க விடுவார்கள். செந்துரு படர்ந்ததும் கொதிநீரில் போடுவார்கள். செந்துரு கருந்துருவாக மாறும். உதிரும் தூளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி துருவேற்றுவார்கள். பல சுற்றுக்குப் பிறகு ஆழ்ந்த கருமை வரும்.

துருவைக் கொண்டே துருவைத் தடுக்க முடிவதற்குக் காரணம் உண்டு. செந்துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். உப்பி, பொருக்குத் தட்டி உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே வர, அதுவும் துருப்பிடிக்கும். கருந்துரு எஃகோடு ஒட்டி அடர்த்தியாக உட்கார்ந்துகொள்ளும், எண்ணெயையும் தன்னுள் பிடித்துவைக்கும். இந்தப் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரான் அளவில்தான் இருக்கும். மனிதத் தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் என்று வைத்தால், சேகரிப்பாளர் கொடுக்கும் கூடுதல் விலையில் பெரும்பங்கு முடியின் எழுபதில் ஒரு பங்கு தடிமனில் அடங்கியிருக்கிறது.

உறையில் போட்டு எடுத்துப் பழகிய ரிவால்வரில் குழலின் முனையிலும் உருளையின் விளிம்பிலும் கருமை தேய்ந்து எஃகு வெளுத்திருக்கும். கைபட்ட இடங்கள் பழுப்பாகியிருக்கும். நேர்மையான தேய்மானம் இப்படித்தான் இருக்கும், உராயும் இடத்தில் மட்டும். பாலிஷ் சக்கரத்தில் கொடுத்து மறுபடி கருமையேற்றியதை லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். திருகாணித் துளையின் ஓரம் தட்டுப்போலக் குழிந்திருக்கும். முனைகள் மழுங்கியிருக்கும். பொறித்த எழுத்துகளின் விளிம்பு கரைந்து, சில இடங்களில் எழுத்தின் ஒரு கால் மறைந்தே போயிருக்கும். மேலே முழுக் கருமை, கீழே மழுங்கிய எழுத்து. இந்த இரண்டும் ஒன்றாக இருந்தால் தோல் புதிது என்று பொருள். சேகரிப்பாளர் அங்கேயே விலையைக் குறைத்துவிடுவார்.

குழலுக்குள்

உள்ளே பார்ப்பதற்கு முன்னால், தோட்டா எதுவும் இல்லை என்பதை உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் உறுதி செய்ய வேண்டும். வெப்ளியில் இது எளிது. தாழை விடுவித்தால் ரிவால்வர் நடுவில் மடிந்து திறக்கும், ஆறு அறைகளும் கண்ணுக்குத் தெரியும். சுட்ட கூடுகள் இருந்தால் ஆறையும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளிவிடும். பின்பக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக் குழலுக்குள் நோக்கினால், ஏழு பள்ளங்கள் வலப்பக்கமாகச் சுழன்று போவது தெரியும். குண்டைத் தன் அச்சில் சுழலவைத்துத் தடுமாறாமல் பறக்கச் செய்பவை இவைதாம். பள்ளங்களின் ஓரம் கூர்மையாக, நடுவில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை அம்மைத் தழும்பு மாதிரியான துருக்குழிகள்.

அந்தக் குழிகளுக்குப் பெரும்பாலும் அலட்சியத்தோடு வேதியியலும் காரணம். பழைய தோட்டாக்களின் பின்புறக் கொளுத்தியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழல் முழுக்கப் படியும். நம் சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு அது. காற்றின் ஈரத்தை இழுத்து எஃகை அரிக்கும். எண்ணெய் பூசினால் போகாது, ஏனென்றால் உப்பு எண்ணெயில் கரையாது. பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவியதன் ரகசியம் இதுதான். பழவேற்காடு ஏரியின் உப்புக்காற்று எட்டும் ஊர்களில், தோலுறையில் சுற்றிப் பெட்டியில் வைத்த துப்பாக்கி இன்னும் சீக்கிரம் கெடும். தோலும் ஈரம் காக்கும் பொருள் அல்லவா.

அடுத்தது இயக்கம். குழலைப் பிடித்து மெல்ல ஆட்டினால் கீல் ‘கடகட’ என்கிறதா? விசையை இழுத்துப் பிடித்த நிலையில் உருளை அசையாமல் நிற்கிறதா? ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்கிறதா? உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு அளவில் இருக்க வேண்டும். கூடினால் வாயு பக்கவாட்டில் சீறும். அறை நேராக வராவிட்டால் குண்டின் ஈயம் சீவப்பட்டுத் தெறிக்கும். இப்படிப்பட்டது சுடுகிறவருக்கே ஆபத்து என்பதால் அதன் பயன்பாட்டு விலை பூஜ்யம்.

வெப்ளிக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு .455 தோட்டா சுடும் வெப்ளிகள் ஏராளமாக அமெரிக்காவுக்குப் போயின. அங்கே அந்தத் தோட்டா கிடைப்பது அரிது. எனவே எளிதில் கிடைக்கும் .45 பிஸ்டல் தோட்டா நுழையும்படி உருளையின் பின்முகத்தைச் சீவிவிட்டார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் வெப்ளி தாங்குவதற்கு வடிவமைத்த அளவைவிட அதிகம். சீவிய உருளை என்று தெரிந்தால் சேகரிப்பாளர் விலையை வெட்டுவார், விவரம் தெரிந்தவர் சுடவும் மாட்டார்.

நம்பரின் ஆயுள்

உடல், குழல், உருளை ஆகியவற்றில் பொறித்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் இரண்டு மூன்று துப்பாக்கிகளைக் கழற்றி ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். எண்ணோடு பர்மிங்ஹாம் சோதனை இல்லத்தின் முத்திரையும் இருக்க வேண்டும். 1813இல் தொடங்கிய அந்த நிறுவனம், வழக்கத்தைவிடக் கூடுதல் மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து, வெடிக்காமல் தாங்கிய துப்பாக்கிக்கே முத்திரை குத்தும்.

எண் எவ்வளவு முக்கியம் என்பதற்கு பகத்சிங்கின் பிஸ்டல் சாட்சி. 1928 டிசம்பர் 17 அன்று லாகூரில் காவல் அதிகாரி சாண்டர்ஸைச் சுட்ட .32 கோல்ட் பிஸ்டல், இந்தூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதக் காட்சியகத்தில் பல ஆண்டுகள் மற்ற துப்பாக்கிகளோடு அடையாளம் தெரியாமல் கிடந்தது. மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். அதைச் சுரண்டியபோது 168896 என்ற எண் தெரிந்தது. வழக்கு ஆவணங்களோடு ஒத்துப்போனது. மணியாச்சியில் 1911 ஜூன் 17 அன்று பிரிட்டிஷ் ஆட்சியரைச் சுட்டபோது வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். அதே ரகத்தில் ஒன்றை யாராவது கொண்டுவந்து நீட்டினால் அது ‘அதே மாதிரி’ மட்டுமே. ‘அதுவே’ என்பதற்கு எண்ணும் ஆவணமும் வேண்டும். இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் கோடிகள் கிடக்கின்றன.

எண்ணை அரத்தால் ராவிவிட்டால்? அச்சு இறங்கும்போது மேலே தெரியும் பள்ளம் மட்டும் உண்டாவதில்லை. அதன் அடியிலுள்ள எஃகுப் படிகங்களும் நசுங்குகின்றன. பள்ளத்தை ராவி எடுத்தாலும் நசுங்கிய அடுக்கு கீழே இருக்கும். தடயவியல் ஆய்வகத்தில் அந்த இடத்தை மெருகேற்றி, செம்புக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலால் துடைப்பார்கள். நசுங்கிய எஃகும் நசுங்காத எஃகும் வெவ்வேறு வேகத்தில் கரைவதால், இல்லாத எண் மங்கலாக எழுந்துவரும். ஆழமாக ராவியிருந்தால் வராமலும் போகலாம். எப்படியும், அடையாள எண்ணை அழிப்பதையும் எண்ணில்லாததை விற்பதையும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடை செய்கிறது. அதற்கு விலை கிடையாது, வழக்குதான் உண்டு.

காகிதத்தின் எடை

மேலை நாடுகளில் விலை இதோடு முடிந்துவிடும். நம் நாட்டில் எஃகைவிடக் காகிதம் கனம். 1980களின் நடுவிலிருந்து தனியார் கைத்துப்பாக்கி இறக்குமதி செய்வது ஏறக்குறைய நின்றுபோனது. எனவே இங்கே ‘இம்போர்ட்டட்’ என்ற சொல்லுக்கே ஒரு விலை. அமெரிக்காவில் சில நூறு டாலருக்குக் கிடைக்கும் சாதாரண ரகத்தை இங்கே லட்சங்களில் பேசுகிறார்கள்.

அதிலும் ஒரு விசித்திரம். .380, .455 ராணுவத் தோட்டாக்களைச் சுடக்கூடிய ரிவால்வர்கள் தடைசெய்யப்பட்ட ரகம். அவற்றுக்கான உரிமம் மத்திய உள்துறையின் கையில். மாவட்ட ஆட்சியர் தருவது .32 போன்ற தடையில்லாத ரகத்துக்கு. ஆகவே தாத்தாவின் வெப்ளி முதல் உலகப் போர்க் காலத்து .455 ஆக, உரசல் இல்லாத கருமையோடு இருந்தாலும், வாங்க ஆள் கிடைப்பது அரிது. அதன் எளிய தம்பி .32 ரிவால்வருக்கு உடனே ஆள் கிடைக்கும். லண்டன் ஏலக் கூடத்தில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும்.

விற்பதும் கடைவீதி வியாபாரம் அல்ல. உரிமம் பெற்றவர் இன்னோர் உரிமதாரருக்கு விற்க நினைத்தால், எழுத்தில் தகவல் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஏற்கெனவே இரண்டு இருப்பவர் மூன்றாவதை எவ்வளவு ஆசைப்பட்டாலும் வாங்க முடியாது. உரிமதாரர் இறந்துவிட்டால் வாரிசுகள் ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும். வரதய்யபாளையத்திலிருந்து தமிழ்நாட்டு எல்லை பக்கம்தான். ஆனால் ஆந்திராவுக்கு மட்டும் செல்லும் உரிமத்தோடு துப்பாக்கியை ஊத்துக்கோட்டைக்குக் கொண்டுபோக முடியாது. இப்படி வாங்குவோர் வட்டம் சுருங்கச் சுருங்க, கேட்கும் விலைக்கும் கைமாறும் விலைக்கும் இடைவெளி பெருகும்.

நூறாண்டு கடந்த பொருள் என்றால் வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பிவிடலாமே என்ற எண்ணமும் பலிக்காது. வரலாற்று மதிப்புள்ள நூறாண்டுப் பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

எதை வைத்து அளப்பது? கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் வெப்ளி வடிவத்தின் வழித்தோன்றல்தான். அங்கிருந்து 2014இல் ‘நிர்பீக்’ ரிவால்வர் வந்தபோது அதன் விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். 2020இல் வெப்ளி நிறுவனமே உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோயில் .32 ரிவால்வர் தயாரிக்கத் தொடங்கியபோது அறிவித்த விலை 1.6 லட்சம். பழையது சுடுவதற்காக வேண்டுமென்றால் இந்தப் புதியவற்றின் விலைதான் உச்சவரம்பு. கீலும் குழலும் தேய்ந்த அளவுக்கு அதிலிருந்து கழிக்க வேண்டும். அதற்கு மேல் கேட்கிறவர் சேகரிப்பு மதிப்பைக் கேட்கிறார். அப்போது பழைய தோல், பொருந்தும் எண்கள், முறையான உரிமம், கைமாறிய வரலாற்றுக்கான காகிதம் என்ற நான்கையும் காட்டும் பொறுப்பு விற்பவருடையது. அவை மேசைக்கு வராதவரை, ஹர்தோயில் கிடைக்கும் புது ரிவால்வரின் விலைக்கு மேலே ஒரு ரூபாய் சேர்க்கவும் காரணம் இல்லை.