மாப்பிள்ளை ஒருவர், மணப்பெண் மூவர்! ஏர்ஹோஸ்டஸ்களிடம் மாட்டிக்கிட்ட நிருபர்

ஒருத்தி வீட்டுக்குள் நுழைகிறாள். இன்னொருத்தி விமானம் ஏறக் கிளம்புகிறாள். மூன்றாமவள் நடுவானில் பறக்கிறாள். மூவருக்கும் மாப்பிள்ளை ஒரே ஆள்!

1965-ல் வெளிவந்த "போயிங் போயிங்" என்ற ஆங்கிலப் படத்தின் கதை இது. மாப்பிள்ளை டோனி கர்ட்டிஸ். பாரீசில் வேலை பார்க்கும் அமெரிக்க நிருபராக வருகிறார்.

கால அட்டவணைக் காதல்

பிரெஞ்சுக்காரி ஒருத்தி, ஜெர்மன்காரி ஒருத்தி, இங்கிலாந்துக்காரி ஒருத்தி. மூவரும் விமானப் பணிப்பெண்கள். "உன்னைத்தான் கட்டிக்கப் போறேன்" என்று மூவரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். விமான நேர அட்டவணைதான் இவருக்குத் துணை. ஒருத்தி புறப்பட்ட பிறகே அடுத்தவள் இறங்குவாள். அதற்குள் போட்டோவை மாற்றி, சமையலையும் மாற்றி அல்லாடுவது வீட்டு வேலைக்கார அம்மாள். அந்த வேடத்தில் தெல்மா ரிட்டர் பிரமாதம்!

வேகம் வந்தது; வினையும் வந்தது

புதிய அதிவேக விமானங்கள் வந்தன. பயண நேரம் குறைந்தது. அட்டவணை தலைகீழானது! மூவரும் ஒரே சமயத்தில் வீட்டில். தங்க வந்த நண்பர் ஜெர்ரி லூயிசும் மாட்டிக்கொள்கிறார். ஒரு கதவைத் திறந்தால் இன்னொரு கதவை மூட வேண்டும். ஒரே ஓட்டம்!

மார்க் கமோலெட்டி எழுதி 1960-ல் பாரீசில் அரங்கேறிய நாடகமே இதற்கு மூலம். 1985-ல் இதே கூத்தை மோகன்லால், முகேஷை வைத்து மலையாளத்தில் எடுத்தார் பிரியதர்ஷன். 2005-ல் "கரம் மசாலா" என்று இந்திக்கும் கொண்டு போனார்.

கல்யாணம் ஆனால் வேலை காலி

படம் சொல்லாத சேதி ஒன்று உண்டு. நாடகம் அரங்கேறியபோது, கல்யாணம் செய்துகொண்டால் ஏர் பிரான்ஸ் பணிப்பெண்ணுக்கு வேலை போய்விடும்! பணிப்பெண் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். அந்த விதி செல்லாது என்று 1963-ல் பாரீஸ் மேல்முறையீட்டுக் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும் இந்தக் கொடுமை இருந்தது. ஏர் இந்தியாவில் சேர்ந்த 4 ஆண்டுக்குள் கல்யாணம் செய்தால் வேலை இல்லை. முதல் முறை கர்ப்பமானாலும் வேலை இல்லை. 1981-ல் கர்ப்ப விதியை ரத்து செய்தது சுப்ரீம் கோர்ட்டு. ஆனால் 4 ஆண்டு விதியை அப்படியே விட்டுவிட்டது.

இப்போது கதையைத் திரும்பப் பாருங்கள். மூன்று பேரை ஏமாற்றிய மாப்பிள்ளைக்கு நஷ்டம் கொஞ்சம் மூச்சு வாங்கியது மட்டும்தான். அவர் பேச்சை நம்பி ராஜினாமா எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பெண்ணின் கதி? மாப்பிள்ளையும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை!